கோடு கிழித்தது யார்?

அழகு நகரம்! ஆம், அழகு நகரந்தான், மறுக்கவில்லை நாங்கள். மஞ்சள் பூசிய மதில்கள், வெண்ணிறச் சாளரங்கள், வளைந்த வாயில்கள், மதிலுக்கு மேலே தலைநீட்டிச் சிரிக்கும் காகிதப்பூக் கொத்துகள், தெருக்கோடியில் வங்கக் கடல்! சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்காலையும் வைகைக் கரைத் தென்னந்தோப்பையும் கண்டு பழகிய எங்கள் கண்கள், புதுவையின் கடற்கரைத் தெருக்களைக் கண்டதும் மயங்கின. ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். மயங்கிய கண்களைக் கசக்கிக்கொண்டு சில கேள்விகளைக் கேட்டோம். அந்தக் கேள்விகளே இங்கே எழுத்தாகின்றன.

உண்மையில் நாங்கள் முதலில் காண விரும்பியது புதுவையை அன்று, சீனத்தை! எங்கள் படிப்பகத்துக்கு நண்பர் ஒருவர் படங்கள் கொண்டுவந்தார். சீனக் கடற்கரை நகரமாம் சியாமென்; அதையொட்டிக் குலாங்யூ என்றொரு சிறு தீவு. தீவெங்கும் ஐரோப்பிய மாளிகைகள், தூதரகங்கள், தூண்கள், தோட்டங்கள். 2017-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம். "இப்படி ஓர் ஊரைப் பார்த்தால் போதும்!" என்று பெருமூச்சு விட்டான் கூட்டத்தில் ஓர் இளைஞன்.

தீவு அழகு. ஆனால் அந்த மாளிகைகள் அங்கே முளைத்தது எப்படி? வரலாற்றைப் புரட்டினோம். 1839-இல் தொடங்கியது அபினிப் போர். சீன மக்களுக்கு அபினி விற்கும் 'உரிமை'க்காகப் பீரங்கி முழக்கிய நாடு பிரிட்டன். தோற்ற சீனம் 1842-இல் நான்கிங் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. அவற்றுள் ஒன்று இந்தச் சியாமென், மற்றொன்று ஷாங்காய். ஷாங்காயில் 1868-இல் ஆற்றங்கரையிலே பூங்கா ஒன்று திறந்தார்கள். சீன மண்ணில் பூங்கா, சீன ஆற்றின் கரையில் பூங்கா. சீனப் பொதுமக்கள் அதனுள்ளே நுழைய 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! சரி, அந்தப் போருக்குக் காரணமான அபினி விளைந்தது எங்கே? பீகாரிலும் வங்காளத்திலும், கும்பினிக்கு அடிமைப்பட்டுக் கிடந்த உழவனின் வயலில். சீனனின் நுரையீரலை எரித்த நெருப்புக்கு விறகு நம் நாட்டிலிருந்து போயிருக்கிறது, தோழர்களே!

சீனம் செல்லச் செல்வம் வேண்டும். புதுவைக்குச் செல்லப் புகைவண்டிச் சீட்டு போதும். வெள்ளையன் குடியேறிக் கட்டிய கடற்கரை நகரம் நம் தமிழ் மண்ணிலேயே இருக்கும்போது சீனத்துப் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு எதற்கு? புறப்பட்டோம் ஐவர். விழுப்புரம் வரை இரும்புப் பாதை, அங்கிருந்து பேருந்து, மறுநாட் காலை புதுவை.

நகருக்குள் நுழைந்ததும் நாங்கள் தேடியது மாளிகையை அன்று, கால்வாயை. செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே வடக்குத் தெற்காகக் கிடக்கிறது அந்தப் பெரிய வாய்க்கால். எட்டிப் பார்த்தால் மூக்கைப் பொத்த வைக்கும் சாக்கடை. ஆனால் ஒரு காலத்தில் அது வெறும் வாய்க்கால் அன்று, எல்லை. கிழக்கே, கடற்காற்று வீசும் பக்கம், வெள்ளையர் நகரம். மேற்கே, கறுப்பர் நகரம். பிரெஞ்சுக்காரர் வரைந்த படங்களிலேயே அப்படித்தான் பெயர்: வெள்ளை ஊர், கறுப்பு ஊர். தோலின் நிறத்தை ஊரின் பெயராக்கிய நாகரிகம் அது!

இன்றைக்கும் அந்தப் பெயர் சாகவில்லை என்பதுதான் வேதனை. விடுதிப் பலகையில் 'ஒயிட் டவுன்'. உணவகத்தின் முகப்பில் 'ஒயிட் டவுன்'. வழிகாட்டிப் படத்தில் 'ஒயிட் டவுன்'. கேட்டால், "சுற்றுலாப் பயணிக்குப் புரியும் பெயர் ஐயா!" என்கிறார்கள். புரிகிறது, நன்றாகவே புரிகிறது! 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. ஆளவந்தவன் போனான், அவன் எங்கள் தோலைப் பார்த்துச் சூட்டிய பெயரைப் பலகையில் எழுதி விளக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அவன் வெள்ளை ஊரை விட்டு வெளியேறிவிட்டான். வெள்ளை ஊர் நம் மூளையை விட்டு வெளியேறவில்லை.

"கட்டடத்தின் மீது என்ன கோபம்?" என்று கேட்கலாம். கட்டடத்தின் மீது கோபமில்லை. செங்கல்லுக்குச் சாதியில்லை, சுண்ணாம்புக்கு நிறவெறியில்லை. கட்டடம் ஒரு ஏடு. அதைப் படிக்காமல் பார்த்துவிட்டுப் போவதுதான் மடமை. படித்துப் பார்ப்போமா?

1674-இல் பிரான்சுவா மார்த்தேன் என்பவர் இங்கே பிரெஞ்சுக் கும்பினியின் வணிகத்தை ஊன்றினார். 1693-இல் டச்சுக்காரர் பிடித்தனர். இன்று எல்லோரும் வியந்து பேசும் நேர்கோட்டுத் தெருக்களுக்குத் திட்டமிட்டவர்கள் அவர்கள். 1699-இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1761 சனவரியில் ஆங்கிலேயர் பிடித்து நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-க்குப் பின் எழுந்தவையே இன்று நாம் காணும் மாளிகைகளில் பெரும்பாலானவை. அதாவது, இரண்டு கொள்ளைக்காரர் சண்டையில் ஊர் சாம்பலானது. சாம்பலின் மீது ஊரை எழுப்பியது யார் கை? தமிழ்க் கொத்தனின் கை, தமிழ்த் தச்சனின் கை, மண்சுமந்த தமிழ்ப் பெண்ணின் தலை. துய்ப்ளெக்சுக்கு 1870-இல் சிலை வைத்தார்கள். லபூர்தொனே பெயரில் தெரு இருக்கிறது. கல் சுமந்தவளின் பெயரில் ஒரு சந்தாவது உண்டா? தேடினோம், இல்லை.

கடற்கரையில் நின்றோம். காந்தியார் சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்களுக்கு முன் படமெடுத்துக்கொள்ளப் போட்டி. எங்கள் கண் தூணைத் தாண்டி அலைக்குச் சென்றது. இந்த அலைமேல் எத்தனை கப்பல்கள்! துணி ஏற்றிய கப்பல்களைப் பாட நூல் சொல்கிறது. ஆள் ஏற்றிய கப்பல்களை யார் சொல்வது? துய்ப்ளெக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். ஏதுமறியா மக்களை ஏய்த்துப் பிடித்து அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கூட்டத்தைப் பற்றி 1743-ஆம் ஆண்டுக் குறிப்பிலே எழுதுகிறார். மொரீசுக்கும் பூர்போன் தீவுக்கும் போயினர் அம்மக்கள். லபூர்தொனே அந்தத் தீவுகளின் ஆளுநர். தெருப்பலகையை மீண்டும் ஒருமுறை படியுங்கள்!

1848-இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. வாழ்க! ஆனால் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே! 1853-இல் மார்த்தினிக், 1854-இல் குவாதலூப் என்று கரீபியத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் செல்லத் தொடங்கின. ரெயூனியனுக்கோ அதற்கும் முன்பே ஆட்கள் போய்க்கொண்டிருந்தனர். போனவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அடிமை என்ற சொல் ஒழிந்தது. ஒப்பந்தம் என்ற சொல் பிறந்தது. இந்த மாளிகைகளின் கடற்காற்றில் அவர்கள் விட்ட மூச்சும் கலந்திருக்கிறது.

பின்னே வந்த காலத்தையும் பார்ப்போம். 1936 சூலை 30. ஆலைத் தொழிலாளர் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கி பேசியது. பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை அந்தக் குருதியில் நனைந்து வந்தது. மஞ்சள் மதிலின் முன் நின்று படமெடுக்கும் இளைஞனே, அந்த ஆலைப் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வா! பூ இருக்காது; பொருள் இருக்கும்.

இதுவரை படித்தவர்கள், "ஆகா, வெள்ளையனை வெளுத்து வாங்கிவிட்டார்கள்!" என்று கைதட்டக்கூடும். பொறுங்கள், தோழர்களே! வெள்ளையனைத் திட்டுவது எளிது. அவன் ஊரில் இல்லை. கால்வாயைக் கடந்து மேற்கே வாருங்கள். கைதட்டிய கை அங்கேதான் நடுங்க வேண்டும்.

மேற்கே தமிழர் தெருக்கள். வீட்டின் முன்னே தாழ்வாரம், தாழ்வாரத்தில் திண்ணை, உள்ளே தூண் நிறுத்திய முற்றம். மாடியில் பிரெஞ்சுப் பாணி, கீழே தமிழ்ப் பாணி என்று இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. கட்டடக் கலை அறிந்தோர் ஓர் ஒப்பீடு சொல்கிறார்கள்: வெள்ளையன் வீடு மதிலுக்குள் ஒளிந்துகொண்டது, தமிழன் வீடு திண்ணை போட்டுத் தெருவை வரவேற்றது என்று. கேட்கக் காதுக்கு இனிமை! நாங்கள் ஒன்று கேட்டோம்: அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம்? வழிப்போக்கன் உட்காரலாம். எந்த வழிப்போக்கன்? பறைச்சேரியிலிருந்து வந்தவன் உட்கார்ந்தானா? உட்கார விட்டார்களா? மதில் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே திட்டுகிறோம். திண்ணையைச் சுற்றி எழுப்பிய மதில் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே பாராட்டுகிறோம்!

கறுப்பர் நகரம் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அது ஒரே ஊராகவா இருந்தது? வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு. தெருவுக்கொரு சாதி, சாதிக்கொரு தெரு. ஊருக்கு வெளியே சேரி. வெள்ளையன் கிழித்தது ஒரு கோடு. நாம் கிழித்து வைத்திருந்தவை ஒன்பது கோடுகள்! அவன் தன் கோட்டுக்குக் கால்வாய் வெட்டினான். நம் கோட்டுக்குக் கால்வாயும் தேவைப்படவில்லை, காவலும் தேவைப்படவில்லை. கருவிலேயே கோடு!

அதே ஆனந்தரங்கப் பிள்ளை, 1745-ஆம் ஆண்டில் நடந்த மற்றொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். புதுவைக் கிறித்தவக் கோயிலுக்குள் ஒரு சுவர். ஒருபுறம் சாதிக் கிறித்தவர்; மறுபுறம் ஆதிதிராவிடக் கிறித்தவர். தேவன் ஒருவனே, சுவர் மட்டும் நடுவே! ஒடுக்கப்பட்டோர் முறையிட்டனர், பாதிரிமார் சுவரை இடிக்கச் செய்தனர். கொதித்தெழுந்தவர் யார்? பிரெஞ்சுக்காரரா? இல்லை, நம்மவர். தங்களை இழிவாக நடத்திய வெள்ளை ஊரின் கால்வாயைப் பார்த்துக் கொதிக்காத குருதி, தங்களுக்குக் கீழே இருந்தவன் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டதும் கொதித்தது.

இதைக் கண்டுகொண்டான் வெள்ளையன். ஆள வந்தவனுக்கு இதைவிட வசதி ஏது? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று 1789-இல் உலகதிர முழங்கிய நாடு பிரான்சு. அதன் ஆட்சி 1819 சனவரி 6-இல் புதுவையில் என்ன ஆணையிட்டது? இந்தியர் அவரவர் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியுமே தீர்ப்புப் பெறுவர் என்று! சமத்துவம் மார்சேய் துறைமுகத்தில் கப்பலேறவில்லை. பின்னே அங்கே குடியரசு மலர்ந்தபோதும் அந்த வழக்கம் இங்கே உதிரவில்லை. அவன் தன் கொள்கையைக் கைவிட்டான், நாம் நம் கொடுமையைக் கைவிட மறுத்தோம். இரண்டும் சேர்ந்து நடத்தின ஆட்சியை.

அந்த இருளிலும் ஒரு மின்னல். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் காலணியோடு நீதிமன்றம் சென்றார். தமிழன் ஐரோப்பியக் காலணி அணிந்து மன்றம் ஏறுவதா என்று தடுத்தனர். அவர் பாரிசு வரை வழக்காடி வென்றார். 1881-இல் ஒரு சட்டம் வந்தது: சாதி வழக்கத்தைத் துறப்பதாகக் கையெழுத்திட்டுப் புதிய குடும்பப் பெயர் ஏற்றால், பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் சமமாகலாம். பொன்னுத்தம்பி துறந்தார், 'லபோர்த்' என்று பெயர் ஏற்றார். அந்த வாயிலில் நுழைய முன்வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர். எதிர்த்து நின்றவர்கள் சாதித் தலைவர்கள்! கால்வாய் வெட்டியவனே ஒரு பாலம் போட்டான். அந்தப் பாலத்தை மறித்துப் படுத்துக்கொண்டார்கள் நம்மவர்கள். அந்தப் பாலத்தின் மறுகரையில் பிரெஞ்சுப் பெயர்தான் காத்திருந்தது, தமிழ்ப் பெயர் இல்லை என்ற குறை எங்களுக்கும் உண்டு. ஆயினும் கேட்கிறோம்: சாதியில்லாத தமிழ்ப் பெயரை அவனுக்குக் கொடுக்க நம்மிடம் அன்று ஊர் இருந்ததா?

இந்தக் கறுப்பர் நகரத்தில்தான், 1891-இல், பாவேந்தர் பாரதிதாசன் பிறந்தார். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம். வெள்ளை ஊரின் மாளிகையிலிருந்து அன்று, கால்வாய்க்கு மேற்கேயிருந்து எழுந்தது அந்தக் குரல். சாதியைச் சாடிய குரல், தன் தெருவைப் பார்த்தே சாடிய குரல். அந்த வீட்டின் வாயிலில் நின்றபோதுதான் எங்கள் பயணத்தின் பொருள் எங்களுக்கே விளங்கிற்று: அடுத்தவன் கோட்டைப் பார்க்க வந்தவர்கள் நம் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

திரும்பினோம் மதுரை மண்ணுக்கு. 1745-இல் புதுவையில் ஒரு சுவர் இடிந்தது என்றோம். எங்கள் மதுரை மாவட்டத்தில் உத்தபுரம் என்றொரு ஊர். 1989-இல் கலவரம், அதன்பின் எழுந்தது சுவர். ஒருபுறம் சாதி இந்துக்கள், மறுபுறம் தாழ்த்தப்பட்ட மக்கள். கட்டியவன் பிரெஞ்சுக்காரன் அல்லன், ஆங்கிலேயன் அல்லன், டச்சுக்காரன் அல்லன். நாடு விடுதலை பெற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தமிழன் தமிழனைப் பிரிக்கத் தமிழ்ச் செங்கல்லால் கட்டிய சுவர்! போராட்டம் நடந்தது, 2008 மே 6-இல் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தனர். புதுவைச் சுவருக்கும் உத்தபுரச் சுவருக்கும் இடையே எத்தனை ஆண்டு? இருநூற்று அறுபத்து மூன்று! கப்பலிலிருந்து வானூர்திக்கு வந்துவிட்டோம்; சுவரிலிருந்து எவ்வளவு தூரம் வந்தோம்?

இன்னும் ஒரு சொல்லைப் பாருங்கள். 'காலனி'. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஆளவந்தவன் அயல் மண்ணில் அமைத்த குடியேற்றத்தின் பெயர் அது. புதுவை பிரான்சின் காலனி. காலனியில் கடற்காற்றும் மாளிகையும் ஆளவந்தவனுக்கு. நம் சிற்றூர்களில் 'காலனி' என்றால் என்ன? ஊரின் கோடியில், ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் இடம்! ஊர் வேறு, காலனி வேறு. பேருந்திலே, "எந்தப் பக்கம்?" என்று கேட்பதுபோல் சாதியைக் கேட்க உதவும் சொல். வெள்ளையனின் மொழியில் ஆண்டவன் இருந்த இடத்தின் பெயர், நம் மொழியில் ஆளப்பட்டவன் இருக்கும் இடத்தின் பெயராயிற்று. இரண்டிலும் மாறாதது ஒன்றே: நடுவில் கோடு. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் உள்ள சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணை பிறந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பலகையிலிருந்து எழுத்தை அழிப்பது பெயிண்டர் வேலை. மனத்திலிருந்து அழிப்பது நம் வேலை. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாம் வேலையும் முடிந்ததாகக் கணக்கெழுதிவிடாதீர்!

"அப்படியானால் வெள்ளையன் கட்டியதை எல்லாம் இடித்துவிடலாமா?" என்று ஒருவர் கேட்பார். எங்கள் வட்டாரத்திலும் வெள்ளையன் வெட்டுவித்த கால்வாய் உண்டு. 1895-இல் பெரியாறு அணை முடிந்தது. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் மேற்கே பாய்ந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். வைகையில் கலந்து வரும் அந்த நீர் பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் ஓடுகிறது. கட்டும்போது காட்டிலும் காய்ச்சலிலும் மாண்ட கூலிகள் பலர், அதையும் மறக்கவில்லை. எனினும் அந்த நீர் இன்றும் நெல் விளைவிக்கிறது. புதுவையில் ஒரு கால்வாய் மக்களைப் பிரித்தது. மதுரையில் ஒரு கால்வாய் வயலை நனைக்கிறது. இரண்டையும் வெட்டியது வெள்ளையன் ஆட்சியே. ஆகவே, யார் கட்டியது என்பதோடு நின்றுவிடாதே. எதற்குக் கட்டியது, யாருக்குப் பயன்பட்டது, யார் முதுகில் ஏறிக் கட்டியது என்று கேள். பகுத்தறிவு என்பது இந்தக் கேள்விதான். அயலான் செய்தான் என்பதற்காகத் தள்ளுவதும் முன்னோர் செய்தார் என்பதற்காகக் கொள்ளுவதும் ஒரே மடமையின் இரு முகங்கள்.

எனவே சொல்கிறோம்: புதுவையின் மாளிகைகள் நிற்கட்டும். 2014-இல் இடிந்து விழுந்த பழைய நகராட்சி மாளிகையை மீண்டும் கட்டி எழுப்பினார்களே, அதுபோல் பேணட்டும். ஆனால் ஒவ்வொரு மாளிகையின் வாயிலிலும் முழு வரலாற்றையும் எழுதுங்கள். கப்பலேறிய கூலியை எழுதுங்கள், காலணி அணிந்த வழக்கறிஞரை எழுதுங்கள், சுடப்பட்ட பன்னிருவரை எழுதுங்கள். 'வெள்ளை ஊர்' என்ற பெயரைப் பலகையிலிருந்து இறக்குங்கள். விடுதிக்காரர் வருவாய் குறையாது. கடல் அங்கேயேதான் இருக்கும்.

அதோடு, நண்பனே, ஊருக்குத் திரும்பியதும் உன் ஊரின் படத்தை நீயே வரைந்து பார். கோயிலைப் போடு, குளத்தைப் போடு, கிணற்றைப் போடு, தேநீர்க் கடையைப் போடு. சுடுகாடு ஒன்றா, இரண்டா? அதையும் போடு. பேருந்து எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது? புள்ளி வை. பிறகு யார் எதுவரை போகலாம் என்று கோடு இழு. நாங்கள் வரைந்தோம். சோழவந்தான் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் படம் அது. பெயர் வேண்டாம், எந்த ஊரின் பெயரை எழுதினாலும் பொருந்தும். வரைந்து முடித்ததும், புதுவையில் வாங்கி வந்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தோம். பெருமூச்சு விட்டானே ஓர் இளைஞன், அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "இதிலே வெள்ளையன் எங்கே?"

விடை சொல்ல எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறன்று அந்தச் சிற்றூருக்குப் போவது என்று முடிவாயிற்று. அந்த இளைஞனும் வருகிறான். கோடு எங்கே தொடங்குகிறது என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.